வீட்டுக் கவலையும் வேலைக்களமும்

ஒரு தொழிலாளி தம் மேலதிகாரியிடம் வந்து, தாம் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் கூலி போதவில்லை என்று முறையிடுகிறார். நீங்கள் அந்த அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கூலிப் பட்டியலை எடுத்துப் பார்ப்பீர்கள். அதே வேலையைச் செய்யும் மற்றவர்கள் எவ்வளவு பெறுகிறார்கள் என்று ஒப்பிடுவீர்கள். கணக்குச் சரியாக இருந்தால், "குறை ஒன்றும் இல்லையே!" என்று கூறி அவரை அனுப்பிவிடுவீர்கள்.

அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டி ஹாதார்ன் என்ற பெரிய தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலை அது. 1928 முதல் 1930 வரை அங்கு 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே சந்தித்து உரையாடினார்கள். அவர்களுள் ஒருவர் கூலியைப் பற்றித்தான் குறைபட்டுக்கொண்டார். ஆனால், குறுக்கே பேசாமல் அவரைப் பேசவிட்டபோது வேறொரு செய்தி வெளிவந்தது. அவருடைய மனைவி மருத்துவமனையில் இருந்தார். மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கவலையே கூலிக் குறை என்ற உருவில் வெளிப்பட்டது.

வீட்டில் நோயாளியோ தளர்ந்த முதியவரோ இருக்கும் ஒருவர், அந்தக் கவலையைச் செருப்பைப் போல வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்களத்திற்குள் நுழைவதில்லை. அதே சமயம், அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. காலம் தவறி வருவார். கைவேலையில் பிழை செய்வார். ஒரு நாள் வேலையை விட்டே நின்றுவிடுவார். என்ன நேர்ந்தது என்று எவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவரைக் கண்டறிந்து, அவர் சொல்வதைக் கேட்டு, தக்க உதவிக்கு வழிகாட்டப் பணியிடத்திலேயே சிலரைப் பயிற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரே நாளில் பிறந்ததன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பல நாடுகளில், பல தவறுகளுக்குப் பின்னர் உருவானது அது. அந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

யார்க் நகரத்து மலர்கள்

இங்கிலாந்தில் யார்க் என்பது ஒரு பழைய நகரம். அங்கு ரவுண்ட்ரி குடும்பத்தார் கோக்கோவும் சாக்லேட்டும் செய்யும் ஆலை ஒன்றை நடத்தி வந்தார்கள். அவ்வாலையில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். 1896-ஆம் ஆண்டில் மேரி வுட் என்ற பெண்மணியை அங்கு வேலைக்கு அமர்த்தினார்கள். அவருக்குக் கோக்கோ அரைக்கும் வேலையும் இல்லை. கணக்கு எழுதும் வேலையும் இல்லை. தொழிலாளப் பெண்களின் உடல்நலத்தையும் நடத்தையையும் கவனிப்பதே அவர் பணி. வேலைக்கூடங்களில் மலர்களை வைத்துத் தம் முதல் நாள் பணியைத் தொடங்கினார் என்று கூறுவர். நோயுற்று வராமல் நின்ற பெண்களின் வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் அவர் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. தொழிலாளர் நல அலுவலர் என்று நாம் இன்று கூறும் பதவியின் தொடக்கங்களுள் இது ஒன்று.

வீடு தேடிப் போனவர் நோயாளியை மட்டுமா கண்டிருப்பார்? அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும் அன்றோ? ஆலைச் சுவருக்கு வெளியே நடப்பதும் ஆலையைத் தொடும் செய்திதான் என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டதே இங்கு நாம் கருதத்தக்கது.

1913-ஆம் ஆண்டில் இத்தகைய பணியாளர்கள் யார்க் நகரில் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். தொடக்கத்தில் அதில் இருந்த உறுப்பினர்கள் 34 பேர் மட்டுமே. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. வெடிகுண்டும் தோட்டாவும் செய்யும் ஆலைகளில் பெண்கள் இலட்சக்கணக்கில் நுழைந்தார்கள். அவர்களுடைய நலத்தைக் கவனிக்கப் படைக்கல அமைச்சகம் ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தி, சீபோம் ரவுண்ட்ரியை அதற்குத் தலைவராக்கியது. நல அலுவலர்கள் பெருந்தொகையில் தேவைப்பட்டதால், பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கின. நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்ற கருத்து அங்கு வேரூன்றியது.

ஆனால் ஒரு முள்ளும் கூடவே வளர்ந்தது. உதவ வந்தவரே நடத்தையையும் கண்காணித்தார். "இவர் நம்முடைய ஆளா, முதலாளியின் ஆளா?" என்ற ஐயம் தொழிலாளர் மனத்தில் எழுந்தது. இந்த ஐயத்தை மறந்துவிடாதீர்கள். இவ்வரலாறு முழுவதும் அது நம்மைத் தொடர்ந்து வரும்.

கேட்பதும் ஒரு கலை

மீண்டும் ஹாதார்ன் ஆலைக்கு வருவோம். அங்கு உரையாடல் நடத்தியவர்கள் தொடக்கத்தில் கையில் வினாப் பட்டியலுடன் சென்றார்கள். "உங்கள் மேற்பார்வையாளர் எப்படி? விளக்கொளி போதுமா?" என்று வரிசையாகக் கேட்டார்கள். தொழிலாளர்களோ அந்த வினாக்களுக்குள் அடங்கவில்லை. வேறு எதையோ பேசத் தொடங்கினார்கள். ஆகவே 1929-இல் முறையை மாற்றினார்கள். வினாப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, வந்தவர் விரும்பியதைப் பேசட்டும் என்று விட்டார்கள். அரைமணி நேரத்தில் முடிந்த பேச்சு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது.

கேட்பவர்களுக்குச் சில விதிகள் கற்பிக்கப்பட்டன. பேச்சில் குறுக்கிடக் கூடாது, வாதாடக் கூடாது, அறிவுரை கூறக் கூடாது. அவர் சொல்வதைக் கேட்பதோடு, சொல்லத் தயங்குவதையும் கவனிக்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட தொழிலாளியின் உண்மைக் கவலை வெளிவந்தது இத்தகைய உரையாடலில்தான்.

1936-ஆம் ஆண்டில் இம்முறையை அந்நிறுவனம் நிலையான திட்டமாக்கியது. ஆலைக்குள் சுற்றி வந்து தொழிலாளர்களுடன் பேசுவதற்கென்றே ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டார்கள். இருபது ஆண்டுகள் நடந்த பின், 1956-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

இத்திட்டத்தைச் சமூகவியலார் சிலர் கடுமையாகக் குறை கூறினார்கள். ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் எதையும் மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. மனைவி மருத்துவமனையில் இருக்கிறாள் என்று ஒருவர் சொன்னால், மனப்பாரம் சற்றுக் குறைந்திருக்கும். மருத்துவக் கடன் குறைந்திருக்காது. மனக்குறையைப் பேச்சாலேயே ஆற்றி அனுப்பிவிடுவதற்கா இந்த ஏற்பாடு என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கேட்கும் செவி இருந்தால் மட்டும் போதாது. வழிகாட்டும் கையும் வேண்டும்.

இருவர் இருவராகச் சென்ற பயிற்றுநர்கள்

வழிகாட்டும் கை வேறொரு திசையிலிருந்து வந்தது. மதுப்பழக்கத்தால் வேலை கெட்ட தொழிலாளர்களுக்கு உதவ அமெரிக்க நிறுவனங்கள் சில 1940-களிலேயே முயன்று வந்தன. 1970-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் பிறந்து, மதுப்பழக்கத்தை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. அது 1972-இல் மாநிலத்திற்கு இருவர் என்ற கணக்கில் ஏறக்குறைய 100 பேரைத் திரட்டிப் பயிற்சி அளித்து, நாடெங்கும் அனுப்பியது. நிறுவனம் நிறுவனமாகச் சென்று, உதவித் திட்டங்களைத் தொடங்கச் செய்வது அவர்கள் பணி.

அவர்கள் பரப்பிய முறை எளியது. மேற்பார்வையாளர் மருத்துவர் அல்லர். ஆகவே, ஊழியருக்கு என்ன நோய், வீட்டில் என்ன சண்டை என்று அவர் ஆராய வேண்டியதில்லை. வேலையில் தெரியும் மாற்றங்களை மட்டும் அவர் குறித்துக்கொள்ளட்டும்: எத்தனை நாள் வரவில்லை? எத்தனை முறை தாமதம்? முன்பு இல்லாத பிழைகள் ஏன்? அவற்றைச் சொல்லி ஊழியரைப் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்பட்டும். ஆலோசகர் காரணத்தை அறிந்து, தக்க மருத்துவரிடமோ அமைப்பிடமோ சேர்ப்பிப்பார். அலுவலகத்திற்குள் இரகசியம் காக்கப்படும்.

இந்த வலையை விரித்த பிறகுதான், அதில் எதிர்பாராத மீன்களும் அகப்பட்டன. அடிக்கடி தாமதமாக வருபவர் எல்லாரும் குடிப்பவர் அல்லர். சிலருக்குக் கடன் தொல்லை. சிலருக்கு மணவாழ்வில் பிணக்கு. இன்னும் சிலர் காலையில் தாயைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டிவிட்டு ஓடி வருபவர்கள்! ஆகவே, மதுவுக்கென்று தொடங்கிய திட்டங்கள் ஊழியரின் எல்லாத் தொல்லைகளையும் கவனிக்கும் பொது உதவித் திட்டங்களாக விரிந்தன.

மறைந்திருந்த பாரம்

முதியோரைப் பேணுவது புதிய கடமையா? இல்லை, மனித குலத்தைப் போலவே பழையது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு மாறுதல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. மருத்துவம் வளர்ந்ததால் மக்கள் நெடுநாள் வாழத் தொடங்கினார்கள். நோயோடும் தளர்ச்சியோடும் வாழும் ஆண்டுகளும் பெருகின. அதே காலத்தில், வீட்டிலிருந்து முதியோரைப் பார்த்து வந்த பெண்கள் சம்பளத்திற்கு வேலைக்குச் சென்றார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பாரம் கூடியது, சுமக்கும் தோள்கள் குறைந்தன.

இந்தப் பாரத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் மேரி வெப்ஸ்டர். அவர் ஒரு கிறித்தவத் திருச்சபையில் போதகராக இருந்தார். 1954-ஆம் ஆண்டில், 31-ஆம் வயதில், முதுமையுற்ற தம் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக அப்பணியை விட்டார். 1963-இல் அவர் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். மணமாகாத பெண்கள் பெற்றோருக்காக வேலையையும் வருவாயையும் ஓய்வூதியத்தையும் இழந்து, பின்னர்த் தாமே வறுமையில் முதுமையடைகிறார்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். அவரைப் போன்ற நிலையில் இருந்த பெண்களிடமிருந்து மறுமொழிகள் வந்து குவிந்தன. 1965-இல் அவர்களுக்கென ஒரு சங்கம் பிறந்தது. மேரி வெப்ஸ்டர் 1969-இல், 46-ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் மற்றொரு சங்கத்தோடு இணைந்து வளர்ந்து, பேணுவோருக்கான பெரிய அமைப்பாக இன்றும் பணியாற்றி வருகிறது.

1976-இல் பிரிட்டிஷ் அரசு பேணுவோருக்கு ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. ஆனால் மணமான பெண்களுக்கு அது கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்ற பிறகே, 1986-இல் அந்த வேறுபாடு நீங்கியது.

அளந்து காட்டிய அறிவியல்

உணர்ச்சியைக் கொண்டு பேசிய இந்தச் செய்தியை அளந்து காட்ட அறிவியலாரும் முன்வந்தார்கள். ஒரு முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை எப்படி அளப்பது? 1963-இல் சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களில் எவற்றைப் பிறர் உதவியின்றி அவர் செய்கிறார் என்று பார்ப்பதே அம்முறை. 1969-இல் லாட்டன், பிரோடி ஆகிய இருவரும் தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், மருந்தை நேரத்தில் உண்ணுதல், பணத்தைக் கையாளுதல் போன்ற செயல்களுக்கும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள்.

அந்த எலேன் பிரோடிதான் 1981-இல் நடுவில் நிற்கும் பெண்களைப் பற்றி எழுதியவர். ஒரு புறம் பிள்ளைகள், மறுபுறம் பெற்றோர். ஒரு புறம் வீடு, மறுபுறம் வேலை. நம் பழமொழியில் சொன்னால், இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை.

1980-இல் ஸ்டீவன் சாரிட் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. நினைவாற்றல் இழந்த முதியவர்களைப் பேணுவோர் எவ்வளவு பாரத்தை உணர்கிறார்கள் என்று அவர்கள் அளந்தார்கள். நோய் கடுமையாக இருந்தால் பாரமும் கடுமையாக இருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். முடிவு அப்படி வரவில்லை. மற்ற உறவினர்கள் அடிக்கடி வந்து பார்த்துச் செல்லும் வீடுகளில் பேணுவோர் உணர்ந்த பாரம் குறைவாக இருந்தது. ஆராயப்பட்டவர்கள் சிறு தொகையினரே. ஆயினும், அது சுட்டிய பொருள் பெரிது: நோயை நம்மால் மாற்ற முடியாமற்போகலாம், தனிமையை மாற்ற முடியும்.

அலுவலகங்கள் விழித்தன

1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த டிராவலர்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம், 30 வயதைக் கடந்த தன் ஊழியர்களிடம் ஒரு கணிப்பு நடத்தியது. முதிய உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதே கேள்வி. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இருக்கலாம் என்று எண்ணுபவருக்கு விடை அதிர்ச்சி தரும். ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் அப்பொறுப்பைச் சுமந்தார்கள்! அதற்காக அவர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக வாரத்திற்கு ஏறத்தாழ 10 மணி. பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தவருக்கே தெரியாமல் இவ்வளவும் நடந்து வந்தது.

1988-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஊழியர்களுக்காக நாடு தழுவிய வழிகாட்டுச் சேவையைத் தொடங்கியது. நாடு தழுவியதாக ஏன் இருக்க வேண்டும்? மகள் ஓர் ஊரில் வேலை செய்கிறாள். தந்தை ஆயிரம் கல் தொலைவில் தனியே வாழ்கிறார். மகளின் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தந்தையின் ஊரில் எந்தச் செவிலி வீட்டிற்கு வருவார், எங்கே உணவு கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று எப்படித் தெரியும்? ஆகவே ஊழியர் தொலைபேசியில் அழைத்தால், முதியவர் வாழும் ஊரில் உள்ள அமைப்பைச் சேர்ந்த ஒருவர் விவரம் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். 1991-இல் அமெரிக்க அரசே எல்லா மக்களுக்கும் பயன்படும் வகையில் முதியோர் சேவைகளைக் கண்டறியும் தொலைபேசி வழிகாட்டி ஒன்றைத் தொடங்கியது. 1993-இல் வந்த சட்டம், 50 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களில், நோயுற்ற பெற்றோரைப் பார்க்க ஆண்டிற்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்புப் பெறும் உரிமையை அளித்தது.

பயிற்சியில் என்ன கற்பிக்கிறார்கள்?

இனி, ஊழியர் நலப் பிரிவினருக்கும் மேற்பார்வையாளருக்கும் இத்துறையில் தரப்படும் பயிற்சியின் உட்பொருளைக் காண்போம்.

முதலாவது, குறிப்பறிதல். நன்றாக வேலை செய்தவர் திடீரென்று தாமதமாக வருகிறார். தொலைபேசி மணி அடித்தால் பதறுகிறார். மதிய உணவு இடைவேளையில் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். பதவி உயர்வு வந்தும் வேண்டாம் என்கிறார். இவை சோம்பலின் அடையாளங்கள் அல்ல என்று உணரப் பழக்குகிறார்கள்.

இரண்டாவது, கேட்கும் முறை. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பாருங்கள். "ஏன் சார் தினமும் லேட்டாக வருகிறீர்கள்?" என்று கேட்டால், "பஸ் கிடைக்கவில்லை" என்ற விடைதான் வரும். "கொஞ்ச நாளாக நீங்கள் மிகவும் களைத்துத் தெரிகிறீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? நேரத்தை மாற்றித் தர வழியிருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போமா?" என்று தனியிடத்தில் கேட்டால், ஒருவேளை கண்கள் கலங்கும், உண்மை வெளிவரும். முதற்கேள்வி குற்றவாளியைக் கேட்பது. இரண்டாவது மனிதரைக் கேட்பது.

மூன்றாவது, நிலைமையைத் தெளிவாக்குதல். "அம்மாவுக்கு முடியவில்லை" என்ற சொல்லுக்குள் ஆயிரம் பொருள் இருக்கலாம். இங்குதான் மேலே கண்ட அளவுகோல்கள் கைகொடுக்கின்றன. தாமே குளிக்கிறாரா? மருந்தைத் தாமே எடுத்து உண்கிறாரா? பகலில் தனியே விட முடியுமா? இவ்வாறு கேட்டால், தேவைப்படுவது நாள் முழுவதும் துணையா, காலையில் இரண்டு மணி நேர உதவியா என்பது புலப்படும். நோய் என்ன என்று கூறுவது நல அலுவலரின் வேலையன்று. அது மருத்துவரின் வேலை.

நான்காவது, வழிகாட்டுதல். எந்தெந்த விடுப்புகளுக்கு இடமுண்டு, வேலை நேரத்தை மாற்ற முடியுமா, அரசு உதவி என்ன, ஊரில் உள்ள சேவைகள் எவை என்ற விவரங்களைத் திரட்டி வைத்திருக்க வேண்டும். வேறு உறவினர்களோடு பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று எண்ணிப் பார்க்கவும் தூண்ட வேண்டும். சாரிட் கண்ட உண்மை இங்குப் பயன்படுகிறது.

ஐந்தாவது, இரகசியம் காத்தல். இங்கேதான் அந்தப் பழைய ஐயம் மீண்டும் தலைநீட்டுகிறது. "இவரிடம் சொன்னால், நாளை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் விடுபடுமோ?" என்று ஊழியர் அஞ்சினால், எவ்வளவு சிறந்த பயிற்சியும் வீண். கேட்டதை எங்கே எழுதுவது, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பான விதிகள் வேண்டும்.

சட்டம் இருந்தும் ஏன் பயனில்லை?

"இத்தனை தொல்லை எதற்கு? விடுப்புக் கொடுக்கச் சட்டம் போட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை ஜப்பானில் கிடைக்கிறது. முதியோர் விகிதம் மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்று அது.

குடும்பத்தாரைப் பேணுவதற்கான விடுப்பை ஜப்பான் 1999 முதல் சட்டப்படி கட்டாயமாக்கியது. இன்றைய விதிப்படி, பேணப்படும் ஒருவருக்காக மொத்தம் 93 நாள் விடுப்பு உண்டு. அதை மூன்று தவணைகளாகவும் எடுக்கலாம். ஊதியத்தில் 67 விழுக்காடு வேலைக்காப்பீட்டிலிருந்து கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டில் முதியோர் பேணலுக்கென்றே ஒரு காப்பீட்டுத் திட்டமும் வந்தது. 2015-இல், முதியோரைப் பேணுவதற்காக வேலையை விடுவோர் ஒருவரும் இல்லாத நிலையை உண்டாக்குவோம் என்று பிரதமர் அபே அறிவித்தார்.

என்ன நடந்தது? 2022-ஆம் ஆண்டு அரசுக் கணிப்பின்படி, வேலை செய்துகொண்டே உறவினரைப் பேணுவோர் சுமார் 36 இலட்சம் பேர். அவர்களுள் அந்த விடுப்பைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! ஓராண்டில் ஏறக்குறைய 1,06,000 பேர் பேணுதலுக்காக வேலையை விட்டிருந்தார்கள்.

சட்டம் ஏட்டில் இருந்தது, ஊழியருக்கு எட்டவில்லை. அப்படியொரு விடுப்பு இருப்பதையே பலர் அறியவில்லை. அறிந்தவர்களும் அதன் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். 93 நாளும் தாயின் அருகில் அமர்ந்து தாமே பார்த்துக்கொள்வதற்கானது அந்த விடுப்பு என்று எண்ணினார்கள். முதுமைத் தளர்ச்சி 93 நாளில் முடிவதில்லை. ஆகவே, "இதனால் என்ன பயன்?" என்று கருதி வேலையை விட்டார்கள். உண்மையில் அந்த விடுப்பு, ஏற்பாடுகளைச் செய்துகொள்வதற்கான கால அவகாசம். காப்பீட்டு அலுவலகத்தில் பதிவு செய்வது, பேணல் திட்டம் வகுப்பவரைச் சந்திப்பது, பகல்நேர விடுதியைத் தேர்ந்தெடுப்பது, உடன்பிறந்தாரோடு கலந்து பேசுவது ஆகியவற்றை முடித்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. இந்த ஒரு விளக்கத்தை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், எத்தனை பேர் வேலையைக் காத்துக்கொண்டிருப்பார்கள்!

இந்தக் குறையை ஜப்பானிய அரசு உணர்ந்தது. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வீட்டில் முதியவரைப் பேண வேண்டிய நிலை வந்துவிட்டது என்று ஊழியர் தெரிவித்தால், அவரைத் தனியே சந்தித்து, உள்ள உதவிகளை விளக்கி, அவர் விருப்பத்தை நிறுவனம் கேட்டறிய வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துதல், ஆலோசனை பெற ஓர் இடத்தை ஏற்படுத்துதல் முதலியவற்றுள் ஒன்றையேனும் செய்தாக வேண்டும். மேலும், 40 வயதை ஒட்டிய ஊழியர்களுக்கு, தொல்லை வருவதற்கு முன்பே இவ்விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். ஏன் 40? அந்த வயதில்தான் ஜப்பானியர் முதியோர் பேணல் காப்பீட்டுக்குத் தொகை கட்டத் தொடங்குகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுவே.

பிரிட்டனும் 2023-இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 ஏப்ரல் முதல் பேணும் ஊழியருக்கு ஆண்டில் ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமையாக்கியுள்ளது. மேரி வெப்ஸ்டர் கடிதம் எழுதி அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன!

நம் நாட்டில் இருக்கும் வித்து

யார்க் ஆலையில் தொடங்கிய மரபின் ஒரு கிளை நம் நாட்டிலும் உண்டு. 1931-இல் இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று வகுத்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேர் கொண்ட தோட்டங்களுக்கும் இதை விரித்தது. இவர்களைப் பயிற்றுவிக்கும் சமூகப் பணிக் கல்வி 1936-இல் பம்பாயிலும், 1952-இல் சென்னையிலும் தொடங்கியது. உணவகம், குழந்தைகள் காப்பகம், ஓய்வறை என்று ஆலைக்குள் இருப்பவற்றைக் கவனிப்பதோடு, வீட்டில் இருக்கும் முதியவரைப் பற்றியும் கேட்கத் தெரிந்தவராக அந்த அலுவலர் ஆவாரானால், புதிதாகப் பதவி ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குப் புதிய பயிற்சி தந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. யார்க் ஆலை வீடு தேடிச் சென்றது. ஆனால் கண்காணிப்பையும் கலந்தது. ஹாதார்ன் ஆலை கேட்கக் கற்றுத் தந்தது. ஆனால் கேட்பதோடு நின்றது. ஜப்பான் விடுப்பைத் தந்தது. அதை எடுத்துச் சொல்ல ஆள் வைக்கத் தாமதித்தது. கேட்பவர், வழிகாட்டுபவர், கொடுக்கத்தக்க உண்மையான உதவி ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் பயன் விளையும். உதவி இல்லாத ஆலோசனை வெறும் ஆறுதல். ஆலோசனை இல்லாத உதவி பூட்டிய பெட்டி.

இதைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை நல அலுவலராகவோ மேற்பார்வையாளராகவோ அமரக்கூடும். அப்போது ஒருவர் வந்து, "கூலி போதவில்லை" என்றோ, "ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும்" என்றோ தயங்கியபடி சொல்வார். பட்டியலைப் புரட்டுவதற்கு முன், எதிரே ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை முழுவதும் வரும்வரை பேசாமல் இருங்கள்.